நூற்றைம்பதாவது நன்றி

நூற்று நாற்பத்தொன்பதாவது கட்டுரையைப் பட்டியலில் ஏற்றி முடித்தபோது மணி இரண்டே கால், கண் எரிந்தது, பிடரிக்குக் கீழே ஒரு நரம்பு தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது, இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும், எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வரலாம் என்று நினைத்தேன். ஐந்து மணிக்குள் பட்டியல் டைரக்டர் அறைக்குப் போயாக வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்துப் பொதுக்கருவி மையத்துக்கு வந்து சோதனை செய்துகொண்டு போனவர்கள் போன வருஷம் எத்தனை கட்டுரை வெளியிட்டார்கள், அதில் எத்தனை பேர் மையத்துக்கு நன்றி சொன்னார்கள், எந்தப் பக்கத்தில் சொன்னார்கள், மையத்தின் பெயரைச் சரியாக எழுதினார்களா. வியாழக்கிழமை டெல்லியிலிருந்து குழு வருகிறது. "அவங்க மிஷினப் பார்க்க மாட்டாங்க மேடம், நன்றியத்தான் எண்ணுவாங்க" என்று டைரக்டர் திருமலைச்சாமி சார் காலையில் சொன்னார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் போகும்போது வாசலில் நின்று திரும்பி, "போன தடவை நூத்தம்பது. அதுக்குக் கொறஞ்சா நல்லா இருக்காது" என்றார். நூற்று நாற்பத்தொன்பது நன்றிகளையும் இன்று படித்துவிட்டேன். எல்லாம் ஒரே வாக்கியம். கருவி வசதி அளித்தமைக்காக மையத்துக்கு ஆசிரியர்கள் நன்றி தெரிவித்துக்கொள்கிறார்கள். ஒரே வாக்கியத்தை நூற்று நாற்பத்தொன்பது முறை படித்தால் அதில் இருக்கும் நன்றி எங்கோ கரைந்து போய்விடுகிறது, வாயில் ரொம்ப நேரம் போட்டு மென்ற சூயிங்கம் மாதிரி வெறும் ரப்பர்தான் மிஞ்சுகிறது. இதற்காகத்தான் முன்பதிவுப் படிவத்தின் கடைசியில் அந்த விதி. இங்கே எடுத்த படத்தையோ அளவையோ வெளியிட்டால் மையத்துக்கு நன்றி தெரிவிக்க வேண்டும், கட்டுரையின் பிரதி ஒன்றை மையத்துக்கு அனுப்ப வேண்டும், தவறினால் அடுத்த முன்பதிவு மறுக்கப்படும். எல்லோரும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். அதற்கும் கீழே இன்னொரு வரி, அதை நான் மட்டும்தான் படித்திருப்பேன் என்று நினைக்கிறேன்: கருவியை இயக்கிய பணியாளரின் உதவியையும் குறிப்பிடலாம். லாம். வேண்டும், வேண்டும், மறுக்கப்படும், அப்புறம் ஒரு லாம். இருபத்து மூன்று வருஷமாக இந்தக் கீழ்த்தளத்து அறையில் எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்குகிறேன், ஜன்னல் கிடையாது, வெளியே சித்திரை வெயில் தாரை உருக்கும்போதும் உள்ளே இருபது டிகிரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அந்த லாம் இதுவரை ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. அதற்காக வருத்தம் என்றும் சொல்ல முடியாது. மழை வந்தால் கூரை ஒழுகும் என்பது போல ஒரு விஷயம், பழகிப்போய்விட்டது.

அப்போதுதான் மையத்தின் பொது மின்னஞ்சலில் அந்தக் கடிதம் வந்து விழுந்தது. திருமதி ஹெப்சிபா தங்கராஜ் அவர்களின் கவனத்துக்கு என்று போட்டிருந்தது. என் பெயருக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. வந்தால் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று வரும். எழுதியவர் ம. சுடலைமணி, தென்மாவட்டத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர். ஆங்கிலத்தில் மரியாதையாகத் தொடங்கி, நாலு வரியில் மூச்சு வாங்கி, தமிழுக்கு வந்துவிட்டார். குப்பைமேனி இலைச் சாற்றில் வெள்ளியைப் பொடியாக்கும் ஒரு கட்டுரையைப் பார்த்துத்தான் தானும் செய்வதாகவும், எட்டு மாதமாகச் செய்வதாகவும், அதில் எழுதியிருக்கிற சூடு, எழுதியிருக்கிற நேரம், எழுதியிருக்கிற அளவு எதுவும் மாற்றாமல் செய்தும் ஒவ்வொரு முறையும் கட்டி கட்டியாகத்தான் வருவதாகவும், கட்டுரையின் மூன்றாவது படத்தில் இருப்பது போல உருண்டை உருண்டையாகத் தனித்தனியாக ஒரு தடவைகூட வரவில்லை என்றும் எழுதியிருந்தார். 'என் கைடு எனக்குக் கை சுத்தம் இல்லை என்று சொல்கிறார். போன வாரம் எல்லார் முன்னாலும் சொன்னார். கட்டுரை எழுதியவர்களுக்கு மூன்று தடவை எழுதினேன், பதில் இல்லை. நன்றி சொன்ன இடத்தில் உங்கள் பெயர் இருந்தது. அந்தப் படத்தை நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று போட்டிருந்தது. மாதிரியை எப்படித் தயார் செய்தார்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள் அம்மா.' இதை நான் இரண்டு தடவை படித்தேன், ஆனால் உண்மையைச் சொன்னால் இரண்டு தடவையும் அவருடைய எட்டு மாதத்தைப் படிக்கவில்லை, 'உங்கள் பெயர் இருந்தது' என்பதைத்தான் படித்தேன்.

கட்டுரை எங்கள் கோப்பில் இல்லை, பிரதி அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள், இணையத்தில் தேடி எடுத்தேன். போன வருஷம்தான் வந்திருக்கிறது, ஆக நூற்றைம்பதாவது கிடைத்துவிட்டது என்று ஒரு பக்கம் மனசு கணக்குப் போட்டது. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். பொதுக்கருவி மையத்துக்கு நன்றி, அடுத்த வாக்கியத்தில், நுண்ணோக்கிப் படங்களைப் பொறுமையோடு எடுத்துக் கொடுத்த திருமதி ஹெப்சிபா தங்கராஜுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. ஆங்கிலத்தில் என் பெயரில் ஒரு எழுத்து குறைவாக இருந்தது. பரவாயில்லை. பொறுமையோடு என்று போட்டிருக்கிறதே. யாரோ பார்க்கிறார்கள் என்பது போல அறையைச் சுற்றிப் பார்த்தேன், கருவியும் அதன் பம்ப்பும்தான் இருந்தன, பம்ப் எப்போதும் போல முனகிக்கொண்டிருந்தது. இதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், என் வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் மேசைமேல் வைத்துவிட வேண்டும், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படிப்பார், "என்னவாம்?" என்பார், ஒன்றும் இல்லை சும்மா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட வேண்டும். முதல் ஆசிரியர் பெயர் பவதாரணி. ஞாபகம் வந்தது. இரண்டு பஸ் மாறி வருவாள், கண்ணாடிக் குப்பிகளைப் பஞ்சில் சுற்றி எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுவருவாள், சாப்பாட்டுக்கு என்று வேறு டப்பா இருக்காது, ஆகவே சாப்பாடும் இருக்காது. மூன்று முறை வந்தாள் என்று நினைக்கிறேன், இல்லை, நாலு. திரையில் கட்டி கட்டியாக வரும்போது உப்புமா கிண்டின சட்டி மாதிரி இருக்கும், அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வேற இடம் பார்க்கலாமா மேடம்" என்பாள், வேறு இடம் பார்ப்போம், அங்கேயும் உப்புமா. கடைசியாக வந்த அன்று அவளுக்குக் கொடுத்த நேரம் முடிந்தும் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்தேன், என் தயிர்சாதத்தில் பாதியைக் கொடுத்தேன், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். கட்டுரைக்குப் பிறகு டாக்டர் பட்டம் வாங்கி, போன ஜூனில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினாள், பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அனுப்புவாள், பெயர் போட்டதை மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, நல்ல பிள்ளை, என்று நினைத்துக்கொண்டே சுடலைமணிக்குப் பதில் எழுதுவதற்காக மூன்றாவது படத்தைத் திறந்தேன்.

அது குப்பைமேனி இல்லை. பார்த்த அந்தக் கணமே தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகும் தெரியாதது போல இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு வில்லை உண்டு, சட்டைப் பித்தான் அளவு, கரிமேல் தங்கத் துகள் தூவியது, கம்பெனியிலிருந்தே வந்தது. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அதை உள்ளே வைத்துப் பார்ப்பேன், எப்போதும் இடது மேல்மூலையில் ஒரே இடத்துக்குத்தான் போவேன், பழகிய இடம் என்பதால் ஏதாவது மாறியிருந்தால் உடனே தெரியும். அந்த இடத்தில் ஏழு பெரிய மணிகள் அரைவட்டமாக நிற்கும், ஏழாவதை ஒட்டி ஒரு சின்ன மணி ஒண்டிக்கொண்டிருக்கும், கீழே வெறிச்சென்று கொஞ்சம் கறுப்பு. பதினோரு வருஷமாக ஒவ்வொரு திங்களும் பார்க்கிறேன். என் தெருவில் யார் வீட்டு கேட் என்ன நிறம் என்று கேட்டால் யோசிப்பேன், இதை யோசிக்க வேண்டாம். ஏழு மணிகள், ஒண்டிய சின்னது, கறுப்பு. கீழே எழுதியிருந்தது: குப்பைமேனிச் சாற்றில் உருவான வெள்ளித் துகள்கள். வெள்ளியுமில்லை, குப்பைமேனியுமில்லை. திருடிவிட்டாள் என்று முதலில் நினைத்தேன். நல்ல பிள்ளை என்று நினைத்த மனசே அரை நிமிஷத்தில் இப்படி நினைத்தது. என் கணினியில் கையை வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள், அதற்கு என் பெயரையும் சாட்சிக்குப் போட்டுவிட்டாள், பொறுமையோடாம். பிறகு, அவள் என் கணினியைத் தொட்டதே இல்லையே என்று தோன்றியது. பயனாளிகள் யாரும் தொட முடியாது, சிடியில் பதிந்து கொடுப்பது நான்தான். அப்படியானால் அவள் கைக்கு எப்படிப் போயிருக்கும் என்ற கேள்வி வந்து நின்றது, அதன் பதிலும் கூடவே வந்து நின்றது, அதன் முகத்தைப் பார்க்காமல் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பழைய படங்கள் எல்லாம் அலமாரியில் இருக்கும் ஒரு பெரிய டிஸ்கில் இருக்கின்றன. தேதியைக் கண்டுபிடித்து அவளுடைய ஃபோல்டரைத் திறந்தேன். பன்னிரண்டு படங்கள். பதினொன்று உப்புமா. பன்னிரண்டாவது ஏழு மணிகள். பெயர் மட்டும் மற்ற பதினொன்றைப் போலவே, குப்பைமேனிக்குப் போட்ட குறி கேஎம் ஏழு, எண் பன்னிரண்டு. பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன், என் கையெழுத்தில், 'மின்தடை 11.20 முதல் 11.50 வரை.' அவ்வளவுதான். கரண்ட் போய் வந்தால் அந்த வில்லையை வைத்துக் கருவியைச் சரிபார்க்க வேண்டும், வைத்திருக்கிறேன், படம் எடுத்திருக்கிறேன், புதுப் பெயர் கொடுக்காமல் எடுத்திருக்கிறேன், கடைசியாக இருந்த பெயரோடு அடுத்த எண்ணைக் கருவியே போட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு இடம் இடமாகத் தேடியும் புதிதாக எடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை போல, அவள் படம் பதினொன்றோடு நின்றிருக்கிறது. பவதாரணி அப்போது வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள், கரண்ட் போனால் இருட்டில் யாரையும் உள்ளே விடுவதில்லை. சாயங்காலம் ஃபோல்டரை மொத்தமாகச் சிடியில் பதிந்து கொடுத்திருக்கிறேன். அன்று எனக்கு என்ன ஆயிற்று என்று தேடினேன். காய்ச்சல் இருந்ததா, வீட்டில் சண்டையா, அவருக்கு உடம்பு முடியாமல் இருந்ததா, அன்றுதானே தங்கச்சி மருத்துவமனையில், இல்லை அது அடுத்த மாதம். எதுவும் இல்லை. பிளம்பர் வருவானா மாட்டானா என்று அவரோடு போனில் பேசிக்கொண்டே வில்லையை வைத்த மாதிரி ஒரு ஞாபகம், அதுவும் அந்த நாள்தானா, வேறு நாளா, இப்போது நானே உண்டாக்கிக்கொள்கிறேனா தெரியவில்லை. ஒரு காரணமும் இல்லாமல் சாதாரணமான ஒரு நாளில் சாதாரணமாக நடந்திருக்கிறது. ஒரு பெயர் மாற்றாமல் விட்டதற்கு எட்டு மாதம் ஒருவன் எங்கோ குப்பைமேனியை அரைத்துக்கொண்டிருக்கிறான், கை சுத்தமில்லை என்று பேச்சு வாங்குகிறான். மையத்து விதிகளில் நன்றி சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இருக்கிறது, தப்பான ஒன்றுக்கு நன்றி சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எங்கேயும் இல்லை. போன் அடித்தது, திடுக்கிட்டேன், மாடியிலிருந்து திருமலைச்சாமி சார். "என்ன மேடம், எவ்வளவு வந்திருக்கு?" "நூத்தி நாப்பத்தொன்பது சார்." "அட, ஒண்ணே ஒண்ணு. தேடுங்க மேடம், எங்கயாவது ஒளிஞ்சிட்டிருக்கும்." "சரி சார்" என்றேன். அந்த ஒன்று என் கண் முன்னால் திரையில் இருந்தது.

மூன்றரைக்கு மேல் பவதாரணிக்குப் போன் செய்தேன். எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே காதில் வைத்திருந்தேன், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "மேடம்! நல்லாருக்கீங்களா? என்ன மேடம் அதிசயமா?" வகுப்பில் இருக்கிறாயா என்று கேட்டேன். "இல்ல மேடம், ஸ்டாஃப் ரூம்ல பேப்பர் திருத்திட்டிருக்கேன், சொல்லுங்க." பின்னால் யாரோ இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "உன் கட்டுரையைப் பார்த்தேம்மா" என்றேன். "ஐயோ, காப்பி அனுப்பவே மறந்துட்டேன் மேடம், ரூல்ஸ்படி அனுப்பணும்ல, ஸாரி. உங்க பேரு போட்டிருக்கேன் பார்த்தீங்களா? எங்க கைடு சார் வேண்டாம்னார் மேடம். சென்டருக்கு நன்றி சொன்னாப் போதும், ஆபரேட்டர் பேரெல்லாம் எதுக்குன்னார். நான்தான் அடம்பிடிச்சுப் போட்டேன். நீங்க எப்ப பார்க்குறீங்கன்னு பார்ப்போம்னுதான் சொல்லாமயே இருந்தேன்." இதற்குப் பிறகு எப்படிச் சொல்வது. "பவதாரணி, மூணாவது படம் உன்னோடது இல்லம்மா." "எது மேடம்?" "அது எங்க மிஷினச் சரிபார்க்கிற வில்லை. அன்னைக்கு கரண்ட் போய் வந்தப்ப நான் எடுத்தேன். உன் பேர்லயே பதிஞ்சிருச்சு. பார்க்காம உன்கிட்ட குடுத்துட்டேன். தப்பு என்னோடதுதான்." நாற்காலி நகரும் சத்தம், சிரிப்புச் சத்தம் தூரமாகப் போனது, வராந்தாவுக்கு வந்துவிட்டாள் போல, காற்று கேட்டது. "அன்னைக்கு அந்தப் படத்தப் பார்த்துட்டு" என்று ஆரம்பித்து நிறுத்தினாள், பிறகு, "வீட்டுக்குப் போயி சிடியப் போட்டுப் பார்த்துட்டு எங்கம்மாவ எழுப்பிக் காட்டினேன் மேடம். எங்கம்மாவுக்கு என்ன தெரியும். அழகா இருக்குடின்னாங்க" என்றாள். "ஆனா மத்த பதினொண்ணும் ஒரு மாதிரி இருக்கே, இது மட்டும் வேற மாதிரி இருக்கேன்னு எனக்குத் தோணுச்சு மேடம். சார்கிட்ட கேட்டேன். ஒரு இடத்துல நல்லா வந்திருக்கு, அதப் போடுன்னார். நானும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிக்கிட்டேன்." குரல் இறங்கிவிட்டது. "யாருக்கும் தெரியாதுல்ல மேடம்?" சுடலைமணியின் கடிதத்தைச் சொன்னேன், எட்டு மாதத்தைச் சொன்னேன், கை சுத்தமில்லை என்றதைச் சொன்னேன். "அந்த மெயில் எனக்கும் வந்துச்சு" என்றாள். "என்ன பதில் போடுறதுன்னு தெரியல. எனக்கே திரும்ப வரலியே மேடம், நானும் அப்புறம் ரெண்டு தடவை செஞ்சு பார்த்தேன்." பிறகு திடீரென்று, "அவரு வேற ஏதாவது இலைய எடுத்துப் பண்ணட்டுமே மேடம், இலைக்கா பஞ்சம்" என்றாள், சொன்னவுடனே, "நான் அப்படிச் சொல்லல மேடம், எனக்கு இன்னும் ஒரு வருஷம் புரொபேஷன் இருக்கு, இப்பப் போயி" என்றாள், மணி அடித்தது, அவள் கல்லூரியில் அடித்த மணி என் காதில் அடித்தது, "கிளாஸ் இருக்கு மேடம்" என்று வைத்துவிட்டாள்.

ஸ்வெட்டரைத் தாண்டிக் குளிர்ந்தது. விட்டுவிடலாம் என்று தோன்றியது, முழு மனசோடு தோன்றியது. யார் கேட்கப்போகிறார்கள். குப்பைமேனியில் வெள்ளி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, அதை யாரும் மருந்தாகச் சாப்பிடப் போவதில்லை, உலகத்தில் வருஷத்துக்கு எத்தனை லட்சம் கட்டுரை வருகிறது, அதில் பாதி யாரும் படிக்காமல் கிடக்கிறது, இந்தப் பெண் வேலையில் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு வருஷம்தான் இருக்கிறது, ஒரு மெமோ வாங்காமல் இத்தனை வருஷம் தள்ளியாயிற்று. சுடலைமணிக்குப் பதில் அடிக்க ஆரம்பித்தேன். 'அன்புடையீர், நான் இங்கே கருவியை இயக்குபவள் மட்டுமே. மாதிரி எப்படித் தயாரிக்கப்பட்டது என்ற விவரங்கள் எனக்குத் தெரியாது. கட்டுரை ஆசிரியர்களைத் தொடர்புகொள்ளவும்.' படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்த 'மட்டுமே'யில் கண் நின்றுவிட்டது. ஆபரேட்டர் பேரெல்லாம் எதுக்கு என்று அந்தப் பேராசிரியர் கேட்டாராம். எத்தனை பேர் எத்தனை விதமாக என்னிடமே கேட்டிருக்கிறார்கள், நீங்க பட்டனத் தட்டுறவங்கதானே மேடம் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார், அன்று வீட்டில் சாப்பிடவில்லை. வெறும் பட்டன் தட்டுகிறவளா நான் என்று இருபத்து மூன்று வருஷமாக உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தவள், இன்றைக்கு ஒரு பிள்ளை என்னை நம்பி ஒரு கேள்வி கேட்டதும், ஆமாம், பட்டன் தட்டுகிறவள் மட்டுமே என்று ஓடி ஒளியப் பார்க்கிறேன். அசிங்கமாக இருந்தது. கோபம் கூட இல்லை, கையில் ஏதோ பிசுக்கு ஒட்டிக்கொண்டது போல. அந்தப் பிள்ளை தன் கையைத் தானே எத்தனை தடவை கழுவியிருப்பான், குப்பிகளை எத்தனை தடவை கழுவியிருப்பான், ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை சுத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே வைத்திருப்பான். அடித்ததை அழித்தேன். பிறகு நிறுத்தாமல் எழுதினேன், நிறுத்தினால் எழுத மாட்டேன் என்று தெரியும். 'தம்பி சுடலைமணி, மூன்றாவது படம் குப்பைமேனி மாதிரி அல்ல. அது எங்கள் கருவியைச் சரிபார்க்கும் தங்கத் துகள் வில்லை. நான்தான் தவறான பெயரில் பதிந்து கொடுத்துவிட்டேன். அந்த மாதிரியின் உண்மையான படங்கள் பதினொன்றை இத்துடன் அனுப்புகிறேன். எல்லாவற்றிலும் கட்டிதான். உங்களுக்கு வருவதுதான் சரி. உங்கள் கையில் குறை இல்லை. இந்தக் கடிதத்தை உங்கள் கைடிடம் காட்டுங்கள்.' அதே விவரத்தை நாலு வரியில் டைரக்டருக்கும் எழுதினேன், பவதாரணிக்கும் அவளுடைய பேராசிரியருக்கும் அந்தப் பதினோரு படங்களை அனுப்பி, கட்டுரை வெளியிட்ட இதழுக்கு நீங்களே எழுதிவிடுங்கள், ஒரு வாரம் பார்ப்பேன், அதற்கு மேல் நான் எழுத வேண்டியிருக்கும் என்று சொன்னேன். அனுப்பினேன்.

திருமலைச்சாமி சார் அவராகவே கீழே இறங்கி வந்தார், அப்படி வருவது அபூர்வம். பயனாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார், ஏழு மணிகள் இன்னும் அதில் இருந்தன. "இதுதானா?" என்றார். "ஆமா சார்." "நல்லாத்தானே மேடம் இருக்கு" என்றார், கேலி இல்லை, அலுப்பு. அவருக்கும் ஓய்வு பெற மூன்று வருஷம். "வியாழக்கிழமை கழிச்சு அனுப்பியிருக்கலாமே. ரெண்டு நாள்ல என்ன கெட்டுப்போகும்?" நானும் அதையே யோசித்திருக்கலாம், யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "அனுப்பிட்டேன் சார்." "தப்பு நம்ம சென்டர்ல நடந்ததுன்னு எழுதிட்டீங்க." "நான் செஞ்சதுன்னு எழுதினேன் சார்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. "இப்படி வேற யாருக்காவது போயிருக்குமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு அதுவரை வரவே இல்லை. மின்தடை என்று எழுதிய நாள்கள் எத்தனை இருக்கும், நூறு, இருநூறு. "தெரியல சார். ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கணும்." "பாருங்க" என்றார், பிறகு, "நாளைக்கு எழுத்துல ஒரு விளக்கம் குடுத்துருங்க மேடம், நான் கேட்டதா வச்சுக்கோங்க" என்றார். எழுந்து வாசல் வரை போனவர், "அப்ப நூத்தி நாப்பத்தொன்பதுதானா?" என்றார். "ஆமா சார்." "சரி, அதையே போடுங்க." படிகளில் அவர் செருப்புச் சத்தம் ஒன்று, நின்று, ஒன்று, நின்று, மேலே போயிற்று. பட்டியலை அச்செடுத்து ஐந்துக்குப் பத்து இருக்கும்போது மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளார்க் வாங்கி எண்ணைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

பஸ் ஸ்டாப்பில் வெயில் இன்னும் முதுகில் சுட்டது, ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நின்றேன். கால் கடுத்தது. நாளை முதல் இருநூறு நாள்களைத் திறந்து பார்க்க வேண்டும், ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஏழு மணிகள் இருக்கிறதா என்று தேட வேண்டும், இருந்தால் அவர்களுக்கும் போன் செய்ய வேண்டும், இருக்கக்கூடாது என்று ஜெபிக்கலாமா, நடந்து முடிந்துவிட்டதற்கு எப்படி ஜெபிப்பது, என்று அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பவதாரணி. பின்னால் ஸ்கூட்டர்களும் பெண்களின் பேச்சும், கல்லூரி வாசலில் நிற்கிறாள். அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது, ஆனால் முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாள். "சார்கிட்ட பேசினேன் மேடம். ஒரே சத்தம். உன் பாடு, என்னை இழுக்காதேன்னுட்டார். அப்புறம் பத்து நிமிஷம் கழிச்சு அவரே கூப்பிட்டு, நீ எழுது, நான் பார்க்கிறேன்னார்." "சரிம்மா." "என்ன எழுதணும்னே தெரியல. 'மதிப்பிற்குரிய ஆசிரியர்'னு போட்டுட்டு அப்படியே நிக்கிறேன்." என் பஸ் வந்தது, கூட்டம் ஏறியது, கண்டக்டர் என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன், பஸ் போய்விட்டது. "எழுதிக்கோ" என்றேன். சொல்லச் சொல்ல எழுதினாள். மூன்றாவது படம் எங்கள் மாதிரியுடையது அல்ல என்பதை இப்போது அறிந்துகொண்டோம். அல்ல என்பதா இல்லை என்பதா என்று கேட்டாள், ஆங்கிலத்தில்தானே எழுதப்போகிறாய் என்றேன், ஆமாம் மேடம் என்று ஒரு மாதிரி சிரித்தாள், சிரிப்பில் மூக்கை உறிஞ்சினாள். உண்மையான படங்களை இணைத்துள்ளோம். முடிவுகளில் இதனால் வரும் மாற்றத்தைக் கீழே கூறியுள்ளோம். அந்த இடத்தில் நிறுத்தி, "மாத்தினா அதுல ஒண்ணுமே மிஞ்சாது மேடம்" என்றாள். "மிஞ்சுறத எழுது. கட்டியா வருதுன்னு எழுது. அதுவும் தெரிஞ்சுக்க வேண்டியதுதானே, இனி ஒருத்தரும் எட்டு மாசம் செய்ய வேண்டாம்ல." அடுத்த பஸ்ஸும் வந்து நின்று போயிற்று, அதில் இடம் கூட இருந்தது. "கடைசியா ஒண்ணு மேடம்" என்று இழுத்தாள். "நன்றி சொன்ன எடத்துல உங்க பேரு இருக்கே. எடுத்துரச் சொல்லி எழுதட்டுமா? உங்களுக்கு எதுக்கு மேடம் இந்த அசிங்கம்." ரோட்டைப் பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்த பக்கத்தை அச்செடுக்கக்கூட மறந்துவிட்டேன். "இருக்கட்டும்மா" என்றேன். "படம் எடுத்தது நான்தானே."